டேக், மேக், கோ: சில்லறை வினைகளின் சரித்திரம்

ஆங்கிலத்தில் தவறு செய்தால் 'மேக் எ மிஸ்டேக்'. வீட்டுப்பாடம் செய்தால் 'டூ ஹோம்வொர்க்'. இரண்டுமே நமக்குச் 'செய்தல்'தான்; அவர்களுக்கு இல்லை. குளியல் லண்டனில் பெரும்பாலும் 'ஹேவ் எ பாத்', நியூயார்க்கில் 'டேக் எ பாத்'. பால் கெட்டுப்போனால் 'கோ பேட்'. கனவு பலித்தால் 'கம் ட்ரூ'. நோயில் படுத்தால் 'ஃபால் இல்'. கிணறு வற்றினால் 'ரன் ட்ரை'. பால் ஏன் போகிறது, கனவு ஏன் வருகிறது, கிணறு ஏன் ஓடுகிறது என்று கேட்டுப் பாருங்கள். பிறவியிலேயே ஆங்கிலம் பேசுகிறவர் தோளைக் குலுக்கிவிட்டு, "அப்படித்தான் சொல்வோம்" என்பார்.

அந்த 'அப்படித்தான்' என்பதைப் பட்டியலாக எழுதி வைக்க வேண்டிய அவசரம் இங்கிலாந்தில் யாருக்கும் இருந்ததில்லை. பரீட்சையில் தோற்றுப்போகும் மாணவர்களை எதிரில் வைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு இருந்தது. அதனால் இந்தச் சரித்திரத்தின் முக்கியமான பக்கங்கள் டோக்கியோவிலும் டாக்காவிலும் எழுதப்பட்டன.

லண்டனில் ஒருவர் மட்டும் இந்த வினைகளோடு மல்லுக்கட்டினார். சாமுவேல் ஜான்சன், தமது பெரிய அகராதியை 1755-இல் வெளியிட்டபோது, அதன் முன்னுரையில் சில வினைச்சொற்களைப் பெயர் சொல்லிக் குறைபட்டுக்கொண்டார். கம், கெட், கிவ், டூ, புட், செட், கோ, ரன், மேக், டேக், டர்ன் எல்லாம் அந்தப் புகார்ப் பட்டியலில் உண்டு. பொருள் பிடிபடாமல் இவை எங்கெங்கோ அலைகின்றன என்பது அவர் வருத்தம். 'டேக்' என்ற ஒரு வினைக்கே அவர் 134 பொருள் எழுத வேண்டியிருந்தது. பிற்காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டின் பேரகராதி 'ரன்' என்ற வினைக்கு 645 பொருள் கண்டது. படித்தவர்களை மிரட்டும் நீண்ட லத்தீன் சொற்கள் ஒரு வரியில் அடங்கிவிடும். பையில் கிடக்கும் சில்லறை போன்ற இந்தச் சின்ன வினைகள்தான் பக்கம் பக்கமாக ஓடும்.

ஏன் ஓடின என்பதற்கு விடை இங்கிலாந்தின் கடற்கரையில் இருக்கிறது. 'டேக்' ஆங்கிலேயரின் சொந்தச் சொல்லே அல்ல. பழைய ஆங்கிலத்தில் எடுப்பதற்கு 'நிமன்' என்று ஒரு வினை இருந்தது. வடகடலைத் தாண்டி வந்து கொள்ளையடித்து, பிறகு அங்கேயே குடியேறி உழுது வாழ்ந்த வைக்கிங்குகளின் 'டாகா' மெல்ல மெல்ல அதன் இடத்தைப் பிடித்தது. நிமன் சில காலம் 'திருடு' என்ற தாழ்ந்த பொருளில் ஒதுங்கிக் கிடந்து, பிறகு மறைந்தது. மரத்துப்போன விரலைச் சொல்லும் 'நம்ப்' அதன் வழிவந்த சொல்தான். 'கெட்' என்ற வினையும் வைக்கிங் சரக்கு.

அடுத்து 1066. நார்மண்டியின் வில்லியம் படையோடு வந்து அரியணை ஏறினான். அரண்மனை, நீதிமன்றம், பெரிய மனிதர் வீட்டுச் சாப்பாட்டு மேசை எல்லாம் பிரெஞ்சு பேசின. ஊர்ச் சனங்களின் மொழிக்குள் பிரெஞ்சுப் பெயர்ச்சொற்கள் ஆயிரக்கணக்கில் இறங்கின. ஆனால் பேச்சின் நடுவில் புழங்கும் சின்ன வினைகள் அசையவில்லை. விளைவு, கலப்பு மணம். 'டேக் கரேஜ்' என்றால் தைரியம் கொள்; அதில் வினை வைக்கிங், பெயர் பிரெஞ்சு. 'கிவ் அட்வைஸ்', 'மேக் எ கம்ப்ளெயின்ட்' எல்லாம் இதே வகை. சில தொடர்களில் பிரெஞ்சு வினையின் இடத்தில் ஆங்கில வினையை வைத்து அப்படியே பெயர்த்துக்கொண்டார்கள் என்றும் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஏ. ஏ. பிரின்ஸ் என்ற நெதர்லாந்து அறிஞர் ஆங்கிலத் தொடர்களில் பிரெஞ்சுச் செல்வாக்கை மட்டும் தேடி 1952-இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார்.

பெயர்ச்சொல்லாவது பரவாயில்லை. பெயரடையோடு சேரும்போதுதான் இந்த வினைகள் நிஜமாகவே விளையாடுகின்றன. 'ஆகு' என்ற பொருளுக்கு ஆங்கிலத்தில் ஒரு வினை போதும் என்று நினைப்போம். 'பிகம்' இருக்கிறது. ஆனால் பேசுகிறவர்கள் கோ, கம், டர்ன், ஃபால், ரன், க்ரோ, கெட் என்று ஏழெட்டை வைத்துக்கொண்டு ஆளுக்குத் தகுந்தபடி எடுக்கிறார்கள். 'கோ' பெரும்பாலும் கெட்ட செய்தி: கோ பிளைண்ட், கோ மேட், கோ பேங்க்ரப்ட், கோ பால்ட். கண்ணும் புத்தியும் பணமும் முடியும் போய்விடுகின்றன. 'கம்' பல இடங்களில் நல்ல செய்தி: கம் ட்ரூ, கம் ரைட். விதி கிடைத்துவிட்டது என்று மகிழும்போதே 'கம் லூஸ்' வந்து நிற்கும்; திருகாணி கழன்றுபோவதில் என்ன நல்ல செய்தி?

'க்ரோ' மெதுவாக நடப்பதற்கு: க்ரோ ஓல்ட், க்ரோ டயர்ட். 'டர்ன்' நிறமும் வயதும் மாறுவதற்கு: முகம் டர்ன் பேல், ஆள் டர்ன் ஃபார்ட்டி. ஒருவன் துரோகியானால் 'டர்ன் ட்ரெய்ட்டர்'. அங்கே வழக்கமாக வர வேண்டிய 'எ' கூடக் காணாமல் போகும். 'ஃபால்' தன் வசத்தில் இல்லாதவற்றுக்கு: ஃபால் அஸ்லீப், ஃபால் சைலன்ட். நம் அரசு அலுவலகக் கோப்புகளில் பதவி 'ஃபால் வேகன்ட்' ஆவதும், வங்கிக் கடிதத்தில் தவணை 'ஃபால் டியூ' ஆவதும் இந்தக் குடும்பம்தான். அந்தக் கோப்பை எழுதிய குமாஸ்தா இலக்கணம் பார்த்து எழுதவில்லை. முந்தைய கோப்பைப் பார்த்து எழுதினார். சரியான வழியும் அதுதான்.

இந்த வினைகளுக்கு 'லைட்', அதாவது எடை குறைந்தவை, என்று பெயர் வைத்தவரும் ஆங்கிலேயர் அல்லர். டென்மார்க்கின் ஓட்டோ யெஸ்பர்சன். 1909-இல் தொடங்கி ஏழு தொகுதிகளாக வெளிவந்த ஆங்கில இலக்கணம் அவருடையது. 'ஹேவ் எ லுக்' என்று சொல்லும்போது பார்வையின் கனம் முழுவதும் 'லுக்' மேல் இருக்கிறது, 'ஹேவ்' வெறும் கைத்தாங்கல் என்று அவர் கவனித்தார்.

ஜப்பானுக்கு வருவோம். மெய்ஜி ஆட்சியில் மேல்நாட்டுக் கல்வியை அவசர அவசரமாக வரவழைத்த நாடு அது. டோக்கியோவில் ஆங்கிலம் கற்பித்த ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் மெயின் டிக்சன், ஜப்பானிய மாணவர்களுக்காகவே 1880-களில் ஆங்கில மரபுத்தொடர்களைத் திரட்டி ஓர் அகராதி செய்தார். அவரிடம் படித்த மாணவர்களில் ஒருவர் சைத்தோ ஹிதேசபுரோ. 1866-இல் செண்டாய் நகரில் பிறந்தவர். 1896-இல் டோக்கியோவின் கண்டா பகுதியில் சொந்தமாக ஆங்கிலப் பள்ளி நடத்தத் தொடங்கினார். வாழ்நாளில் ஒருமுறைகூட வெளிநாடு போனதில்லை. ஆனால் டோக்கியோ மேடையில் ஷேக்ஸ்பியர் நாடகம் போட வந்த வெள்ளைக்கார நடிகர்களைப் பார்த்து, உங்கள் ஆங்கிலம் சரியில்லை என்று இருக்கையிலிருந்தே சத்தம் போட்டதாக ஒரு கதை அவரைப் பற்றி உண்டு. கதை எவ்வளவு உண்மையோ, அவருடைய தன்னம்பிக்கை உண்மை.

சைத்தோவின் கண்டுபிடிப்பு எளிமையானது. மாணவனுக்கு ஆங்கிலம் கஷ்டமாக இருப்பது அரிய சொற்களால் அல்ல, தினசரிச் சொற்களால். அரிய சொல்லுக்கு ஜப்பானிய மொழியில் ஒரு பொருள் எழுதிவிடலாம். 'மேக்' என்பதற்கு என்ன எழுதுவது? 1915-இல் அவர் வெளியிட்ட ஆங்கில-ஜப்பானிய அகராதி முழுக்க முழுக்கத் தொடர்களை முன்னிறுத்தியது. அதில் அன்றாட வினைகளும் முன்னிடைச் சொற்களும்தான் நாயகர்கள். 1929-இல் சைத்தோ இறந்த பிறகும் தலைமுறை தலைமுறையாக ஜப்பானியர் அதைப் புரட்டினார்கள்.

இந்த மண்ணுக்கு 1922-இல் ஹெரால்ட் பால்மர் வந்து இறங்கினார். 1877-இல் லண்டனில் பிறந்து, பெல்ஜியத்தின் வெர்வியே நகரில் ஆங்கிலம் கற்பித்துப் பிழைத்துக்கொண்டிருந்தவர். 1914-இல் ஜெர்மானியப் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்ததால் தப்பி ஓடி லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் சேர்ந்தார். கல்வியாளர் சவாயனாகி மசதரோ ஜப்பானுக்கு அழைத்தார். பணம் கொடுத்து ஆதரித்தவர் கப்பல் கட்டும் முதலாளி மத்சுகதா கோஜிரோ, ஐரோப்பிய ஓவியங்களை வாங்கிக் குவித்த அதே மத்சுகதா. 1923-இல் டோக்கியோவில் ஆங்கிலக் கற்பித்தலுக்கென்று ஓர் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியது.

பால்மர் முதலில் தேடியது சொற்பட்டியல். பள்ளி மாணவனுக்கு எந்தெந்த ஆங்கிலச் சொற்கள் போதும்? எண்ணத் தொடங்கியவர்கள் சீக்கிரமே முட்டிக்கொண்டார்கள். சொல்லை எண்ணலாம், ஆனால் மாணவன் சொல்லாகப் பேசுவதில்லையே! பல சொற்கள் சேர்ந்து ஒன்றாக நிற்கும் தொடர்களைத் துண்டு துண்டாகக் கற்றால் பயனில்லை, முழுசாகவே விழுங்க வேண்டும் என்று பால்மர் முடிவுக்கு வந்தார். அப்படிப்பட்ட சேர்க்கைகளுக்கு 'காலொகேஷன்' என்ற பெயரை வகுப்பறைக்குக் கொண்டு வந்தார். 1933-இல் நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, ஆயிரக்கணக்கான சேர்க்கைகளை வினை சார்ந்தவை, பெயர் சார்ந்தவை, பெயரடை சார்ந்தவை என்று இலக்கணப்படி பிரித்து அடுக்கியது. கவர்ச்சியே இல்லாத அலுவலக வெளியீடு. சொற்சேர்க்கைகளைத் தனியே காட்டும் பிற்கால அகராதிகளுக்கெல்லாம் மூதாதை அதுதான்.

அந்த அறிக்கையின் உழைப்பில் பெரும்பங்கு ஆல்பர்ட் சிட்னி ஹார்ன்பி என்ற இளைஞருடையது. 1898-இல் செஸ்டரில் பிறந்தவர். 1924-இல் கியூஷூ தீவின் ஓய்தா நகருக்கு ஆங்கில இலக்கியம் கற்பிக்கப் போனார். மாணவர்களுக்கு இலக்கியத்தைவிட முதலில் மொழி தேவை என்பது அவருக்குச் சீக்கிரமே விளங்கிவிட்டது. 1936-இல் பால்மர் ஊர் திரும்பியதும் ஆய்வுப் பணியை ஹார்ன்பி ஏற்றார். ஈ. வி. கேட்டன்பி, எச். வேக்ஃபீல்ட் என்ற இருவரைச் சேர்த்துக்கொண்டு, ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்காகவே ஓர் அகராதி எழுதினார்.

அதன் புதுமை 25 வினை அமைப்புகள். எந்த வினைக்குப் பின்னால் என்ன வரும், என்ன வராது என்று ஒவ்வொரு வினைக்கும் எண் போட்டுக் காட்டினார்கள். 'ஐ வான்ட் யூ டு கோ' சரி. அதைப் பார்த்து 'ஐ சஜஸ்ட் யூ டு கோ' என்றால் தவறு. ஆங்கிலக் குழந்தை இந்தத் தவறைச் செய்து கேட்டதில்லை. ஜப்பானிய மாணவன் தினமும் செய்தான். நம்மூர்ப் பட்டதாரியும் இன்றுவரை மின்னஞ்சலில் செய்கிறார்.

1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டது. ஹார்ன்பி எதிரி நாட்டவராகிக் காவலில் வைக்கப்பட்டு, 1942-இல் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். அதே 1942-இல், பிரிட்டனோடு போர் உச்சத்தில் இருந்தபோது, டோக்கியோவின் கைதாகுஷா பதிப்பகம் அந்த ஆங்கில அகராதியை அச்சிட்டு வெளியிட்டது. ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழக அச்சகம் ஜப்பானியப் பதிப்பின் பக்கங்களையே படமெடுத்து 1948-இல் தன் பெயரில் கொண்டுவந்தது. இன்று உலகெங்கும் ஆங்கிலம் படிப்பவர் மேசையில் கிடக்கும் ஆக்ஸ்ஃபோர்ட் அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ் அகராதி அதன் வாரிசு. 2020-இல் பத்தாம் பதிப்பு வந்தது. அட்டையில் ஆக்ஸ்ஃபோர்ட் என்று இருக்கிறது. பிறந்த இடம் டோக்கியோ.

வசேதா பல்கலைக்கழகத்தின் கத்சுமதா செங்கிச்சிரோவையும் விட்டுவிடக் கூடாது. படித்த ஆங்கிலப் பத்திரிகை, நாவல் ஒவ்வொன்றிலிருந்தும் சேர்க்கைகளைக் குறித்துக் குறித்துப் பல ஆண்டுகள் சேமித்து, 1939-இல் கென்கியூஷா வழியாக ஒரு சொற்சேர்க்கை அகராதி வெளியிட்டார். 1958-இல் அது பெருத்து மறுபதிப்பாயிற்று. ஒரு பெயர்ச்சொல்லைத் திறந்தால் அதற்கு எந்த வினை, எந்தப் பெயரடை என்று வரிசையாகக் கிடைக்கும்.

கிழக்கு வங்கத்தில் இன்னொரு சோதனை நடந்தது. டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் மைக்கேல் வெஸ்ட் எண்ணிக்கை போட்டுக்கொண்டிருந்தார். ஏழை விவசாயி வீட்டுப் பிள்ளை நான்கைந்து ஆண்டில் பள்ளியை விட்டுவிடுகிறான். அதற்குள் அவனுக்குக் கையில் கிடைக்கிற ஆங்கிலம் எது என்பது அவர் கேள்வி. 1935-இல் ஜே. ஜி. எண்டிகாட்டோடு சேர்ந்து அவர் செய்த அகராதி, 1,490 சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு 24,000 சொற்களுக்கும் தொடர்களுக்கும் விளக்கம் எழுதியது. 1953-இல் வெளியிட்ட இரண்டாயிரம் சொல் பட்டியலில், ஒரு சொல்லின் எந்தப் பொருள் நூற்றுக்கு எத்தனை முறை வருகிறது என்றும் காட்டினார்.

இதற்கு நடுவில் கேம்பிரிட்ஜ்காரர் சி. கே. ஆக்டன் ஒரு குறுக்குவழியை அறிவித்தார். 1930-இல் அவர் வெளியிட்ட 'பேசிக் இங்கிலிஷ்' மொத்தமே 850 சொல். வினைகள் பதினெட்டுதான்: கம், கெட், கிவ், கோ, கீப், லெட், மேக், புட், டேக் போன்றவை. 'அசெண்ட்' எதற்கு, 'கோ அப்' போதாதா என்பது வாதம். 1943 செப்டம்பரில் ஹார்வர்டில் பேசிய சர்ச்சில் இதைப் புகழ்ந்தார். பிரிட்டிஷ் அரசு பின்னர் உரிமையை ஆக்டனிடமிருந்து விலைக்கே வாங்கியது. ரூஸ்வெல்ட்டால் கேலி செய்யாமல் இருக்க முடியவில்லை. சர்ச்சிலின் புகழ்பெற்ற ரத்தம், உழைப்பு, கண்ணீர், வியர்வைப் பேச்சை பேசிக் இங்கிலிஷில் சொன்னால் கண்ணீர் 'கண் தண்ணி'யும் வியர்வை 'முகத் தண்ணி'யும் ஆகிவிடுமே என்று எழுதினார்.

ரூஸ்வெல்ட் கிண்டல் செய்தது பெயர்ச்சொற்களை. திட்டத்தின் உண்மையான ஓட்டை வினைகளில் இருந்தது. பதினெட்டு வினையும் சுலபம்தான். 'புட் அப் வித்' என்றால் பொறுத்துக்கொள் என்று அந்த மூன்று சுலபச் சொற்களையும் தெரிந்தவனுக்கு எப்படித் தெரியும்? எண்ணிக்கையைக் குறைத்த ஆக்டன் சேர்க்கையைக் கணக்கில் எடுக்கவில்லை. வெஸ்ட்டும் தோழர்களும் 1934-லேயே பேசிக் இங்கிலிஷை விமர்சித்துப் புத்தகம் போட்டார்கள். அரசு ஆதரவு இருந்தும் திட்டம் படுத்துவிட்டது.

லாகூரில் 1919 முதல் 1928 வரை ஆங்கிலப் பேராசிரியராக இருந்த ஜே. ஆர். ஃபர்த், லண்டன் திரும்பி, 1944-இல் பிரிட்டனின் முதல் பொது மொழியியல் பேராசிரியரானார். ஒரு சொல்லின் பொருளில் ஒரு பகுதி அதன் கூட்டாளிகளிடம் இருக்கிறது என்பது 1950-களில் அவர் எழுதியவற்றின் சாரம். 'ஆஸ்' என்று ஒருவரைத் திட்டும்போது அதன் முன்னால் வரும் பெயரடைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை என்று உதாரணம் காட்டினார். அவருடைய மாணவர் ஹாலிடே, தேநீர் 'ஸ்ட்ராங்', கார் 'பவர்ஃபுல்', மாற்றிச் சொன்னால் காது ஏற்காது என்றார்.

காது ஏற்காததைக் கணிப்பொறிக்கு எப்படிச் சொல்வது? ஜான் சின்க்ளேர் 1960-களில் 1,35,000 சொற்கள் கொண்ட பேச்சுப் பதிவை இயந்திரத்தில் ஏற்றிப் பார்த்தார். பிறகு 1980-இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகமும் காலின்ஸ் பதிப்பகமும் சேர்ந்து கோபில்ட் திட்டத்தைத் தொடங்கின; லட்சங்களைத் தாண்டிக் கோடிக்கணக்கில் சொற்கள் குவிந்தன. 'டேக்' என்றால் கையால் எடுத்தல், 'மேக்' என்றால் ஒரு பொருளைச் செய்தல் என்றுதான் எல்லா அகராதிகளும் தொடங்கின. கணிப்பொறி வேறு சொன்னது. முடிவு, முயற்சி, ஏற்பாடு போன்ற பெயர்ச்சொற்களைத் தாங்கி நிற்பதுதான் 'மேக்' பார்க்கும் முக்கிய வேலை. நாற்காலி செய்வதெல்லாம் எப்போதாவதுதான். 1987-இல் வந்த கோபில்ட் அகராதியின் பின்னால் இந்தக் கணக்கு இருந்தது. சைத்தோ வெளிநாடு போகாமலே ஊகித்ததற்கு எழுபது ஆண்டு கழித்துப் புள்ளிவிவரம் கிடைத்தது.

தமிழ் மாணவனுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. தமிழிலும் போடு, எடு, பிடி, அடி, படு என்று இதே வேலை பார்க்கும் வினைகள் உள்ளன. சண்டை போடுகிறோம், பசி எடுக்கிறது, மழை பிடிக்கிறது, வெயில் அடிக்கிறது. யாரும் சொல்லித் தந்ததில்லை. அந்த வினைகளையே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகிறோம். பரீட்சை எழுதுகிறோம் என்பதால் 'ரைட் தி எக்ஸாம்'. புகார் கொடுக்கிறோம் என்பதால் 'கிவ் எ கம்ப்ளெயின்ட்'. லண்டன்காரர் பரீட்சையை 'சிட்' அல்லது 'டேக்' செய்வார், புகாரை 'மேக்' செய்வார். இதில் வெட்கப்பட எதுவுமில்லை. பிரெஞ்சைப் பெயர்த்து ஆங்கிலேயர் செய்ததும் இதேதான். அவர்களுக்கு நூற்றாண்டுகள் கழிந்துவிட்டதால் அது மரபு, நமக்கு இன்னும் சிவப்பு மை.

ஆனாலும் பரீட்சைத் தாளைத் திருத்துகிறவர் சிவப்பு மை வைத்திருக்கும்வரை பிள்ளைகளுக்கு ஒரு வழி சொல்லத்தான் வேண்டும். பல பள்ளிகளில் இன்றும் குறிப்பேட்டின் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ப் பொருள் என்று எழுத வைக்கிறார்கள். ஆசிரியர்கள் இன்னொரு கோடு போட்டு மூன்றாவதாக ஒரு பத்தி பிரிக்கச் சொல்லலாம். 'டிசிஷன்' என்ற சொல்லோடு 'மேக்', 'எஃபர்ட்' என்ற சொல்லோடு 'மேக்', 'ரிஸ்க்' என்ற சொல்லோடு 'டேக்' என்று அந்த மூன்றாம் பத்தியில் கூட வரும் வினையையும் பிள்ளைகள் எழுதட்டும்.